டீக்கடையில் வியர்த்த கேமரா

தை மாதம் ஒரு சனிக்கிழமை, உறைபனியைப் படம் எடுக்கும் ஆசையில் கொடைக்கானல் கிளம்பினேன். கேமரா என்னுடையது அல்ல. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் நண்பன் செந்திலுடையது; அவனிடம் இருப்பதே அது ஒன்றுதான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மதுரை தல்லாகுளத்தில் அவன் படம் எடுக்க வேண்டிய ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. "மத்தியானத்துக்குள்ள வந்துரு மாப்ள" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மறுநாள் காலை ஆறரைக்கு ஏரிக்கரைப் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது படம்தான் எடுத்திருப்பேன், கேமரா அணைந்துவிட்டது. மாற்று பேட்டரியும் வேலை செய்யவில்லை. மதுரை வெயிலில் வளர்ந்த புத்தி! பேட்டரி சூடாகக் கூடாதே என்று எல்லாவற்றையும் ராத்திரி முழுக்கத் தங்கிய அறையின் ஜன்னலோரம் வைத்திருந்தேன்.

அடுத்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். சூடு பட்டால் உயிர் வரும் என்று டீக்கடை அடுப்பருகே கேமராவைக் காட்டினேன். லென்ஸ் உள்ளும் புறமும் வியர்த்துவிட்டது. பயந்துபோய்ப் பையில் போட்டு மூடி, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஆரப்பாளையத்தில் செந்தில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆன் பண்ணிப் பாத்தியா?"

"இல்லடா, பயமா இருந்துச்சு."

"பொழச்சோம். ஈரத்தோட ஆன் பண்ணிருந்தா அம்புட்டுத்தேன்."

ஆட்டோவில் வண்டியூர், அவன் வீடு. லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாம் கழற்றித் துண்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தான். இருவரும் சாப்பிடவில்லை. நாலரைக்குப் பேட்டரியைப் போட்டதும் திரை எரிந்தது. பாதிக்கு மேல் சார்ஜ்!

"தீரல மாப்ள. குளிருல மொடங்கிருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரிலிருந்து சூடான இடத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவைப் பத்து ரூபாய் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். சூடு ஏறும்வரை பிரிக்காதீர்கள். வியர்த்துவிட்டால் ஈரம் காயும்வரை ஆன் செய்யவே வேண்டாம்.

ஆறு மணிக்கு மண்டபத்தில் என் கையில் லைட்டைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதல் படம் எடுத்தான் செந்தில். உடனே திரும்பித் திரையைக் காட்டினான்.

"பளிச்சுன்னு இருக்குல்ல?"

நான் தலையாட்டிய பிறகும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மத்தியானம் முழுக்க என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டாதவன்.