சளியை மறைத்துப் போன காது

கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி அடித்து, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் வந்ததே, அதற்கு அடுத்த மழைக்காலம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் போகாதவன், வேலியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். சொந்தம் என்று யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வலது காதில் சீழ் வடியும். விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டு வரிசையில் பெயர் கூப்பிடும்போது என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகவே கிடக்கும். நாற்றம். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். நல்ல மனிதர்; மீசைக்கு மட்டும் தினமும் எண்ணெய் போடுவார். ஆஸ்பத்திரி டாக்டர், காதுக்குப் பின்னால் எலும்பு அரித்துவிட்டது, அறுத்துச் சுத்தம் செய்தால் இப்போது கேட்கிற அளவாவது மிஞ்சும் என்று நாள் குறித்தார்.

வேலிக்கு வெளியே தங்குவதற்குப் பாஸ் வேண்டும். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பல தடவை அலையவிட்டுத்தான் கொடுத்தார்.

"தொரை இந்த ஒரு தடவதான் கையெழுத்துப் போட்டிருக்காரு. தேதி தப்புச்சுனா எங்கிட்ட வந்து நிக்காத."

"தப்பாதுங்கய்யா."

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது சளி பிடித்தது. குடத்துக்குள் தலையை விட்டது போலக் காது அடைத்துக்கொண்டது. இருமலை அடக்க ஓமமும் மிளகும் வறுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன். வேலி கேட்டில் சோதனை போட்ட காவல்காரன், நம்மாள்தான், அதையும் பிடுங்கிக்கொண்டான்.

"ஏன்யா, காட்டுல இருக்கறவனுக்கு ரசம் வைக்கப் போறியா?"

ஆஸ்பத்திரியில் படுக்கை காட்டிய தமிழ்ப் பையன், அங்கே அட்டெண்டன் வேலை, என்னைக் கேட்டான்.

"சளி, காச்சல் ஏதும் இருக்காண்ணே?"

"இல்ல தம்பி."

"மூக்கு செவந்திருக்கே."

"லாரிப் பொகை லா."

மூக்கில் மயக்க மருந்துத் துணி வைத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது தலை முழுக்கக் கட்டு. நெஞ்சு எரிந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் பையன்தான் வந்து சொன்னான்.

"பாதியில மூச்சடைச்சு நீலமாயிட்டீங்கண்ணே. டாக்டர் வேலைய அப்படியே நிறுத்தித் தைச்சிட்டாரு. காதத் தொறந்தா உள்ள பூரா சளித் தண்ணி. பக்கத்துல நின்ன ரெண்டு பேரு இன்னிக்குக் காச்சல்ல படுத்துட்டாங்க."

மூக்கிலிருந்து காதுக்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறதாம். சளி அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எனக்கு அதெல்லாம் அதுவரை தெரியாது.

"ஏண்ணே மறைச்சீங்க?"

"பாஸ் இன்னொரு தடவ குடுக்கமாட்டாங்க தம்பி."

"சளினு சொல்லியிருந்தா டாக்டரே வேற தேதி போட்டுக் கடுதாசி குடுத்திருப்பாரு லா. ஆஸ்பத்திரி கடுதாசிய காட்டினா எந்தத் தொரையும் பாஸ் குடுத்துத்தான் ஆவணும்."

இந்த விவரத்தை எங்கள் லயத்தில் யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது.

புண் ஆறும்வரை அங்கேயே கிடந்தேன். மாலையில் மணி அடித்தால் மற்றப் படுக்கைகளுக்கு ஆட்கள் வருவார்கள். என்னைப் பார்க்க யார் வருவார்? வந்தாலும் பாஸ் வேண்டுமே. நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வேன். அப்போது அறையில் ஒரு சத்தமும் இருக்காது. வலது காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

காது அறுக்கப் போகிற யாரையாவது பார்த்தால், சளி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நாளைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.