வயிற்றுக்கு நீலம், வாலுக்கு மஞ்சள்

கூறைச்சேலை எடுக்கப் போன அன்றுகூட நிறத்துக்காக நான் இப்படிச் சண்டை பிடித்ததில்லை. மாமியார் சிவப்பு என்றார், சிவப்பைக் கட்டிக்கொண்டு பேசாமல் மணவறையில் இருந்தேன். டென்மார்க்குக்கு வந்து, சில்க்போர்க்குக்கு வெளியே ஒரு வைக்கோல் கொட்டகைக்குள், அதுவும் ஒரு பழைய போர் விமானத்துக்காகத்தான் என் வாய் திறந்தது. திறந்தது திறந்ததுதான், பிறகு மூடவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தோம். இவர், என் கணவரைத்தான் சொல்கிறேன், டெனிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தையல் தெரியும் என்று கேள்விப்பட்டதும் நகரசபை அலுவலகத்துப் பெண் என்னை ஒரு தளபாட முதலாளியிடம் வேலை பழக அனுப்பினாள். கோடை வரைக்கும் பழக வேண்டும். அவருக்குப் பிடித்துக்கொண்டால் அவருடைய தொழிற்சாலையிலேயே சோபாவுக்கு உறை தைக்கிற நிரந்தர வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாட்டில் அதுதான் முதல் சம்பளமாக இருக்கும். இவர் அந்த வேலையை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் முதலாளி என்னைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவில்லை. காரில் ஏற்றித் தன் பண்ணைக்குக் கொண்டுபோய்க் கொட்டகைக் கதவைத் தள்ளினார். உள்ளே மூக்கை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு விமானம் நின்றது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

அவருக்கு அறுபது வயதிருக்கும். நெட்டையான மனிதர், வாயில் பைப், காலில் மரச்செருப்பு. அவர் பேசியது டெனிஷ்தான், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "பயப்பிடாத," என்றார். "பழைய உலக யுத்தகாலத்துப் பிளேன்தான். ஆனா இது பயிற்சிப் பிளேன். ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்ல."

எனக்கு அப்போது தெரிந்த டெனிஷ் ஒரு கைப்பிடி. "எங்கட ஊருக்கு வந்ததும் பயிற்சிப் பிளேன்தான்," என்றேன். "சின்னது. குண்டைக் கட்டிக்கொண்டு வந்தது."

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கோப்பி ஊற்றித் தந்தார். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அந்த நாட்டில் கோப்பி ஊற்றுவார்கள்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். ஏன் போக வேண்டும்? எத்தனை நாள் இந்தச் சாமானுக்குப் பயந்து கிணற்றுக் கட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். இப்போது அது இறக்கையும் வாலும் கழற்றி, உரித்த கோழி மாதிரி என் முன்னால் கிடக்கிறது. ஊசி என் கையில் இருக்கிறது. வா பார்ப்போம் என்று ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் வேலையைத் தொடங்கினேன்.

விமானத்தின் உடம்பெல்லாம் தகடு. வாலில் இருந்து திசை திருப்புகிற சுக்கானுக்கும் வேறு சில அசையும் துண்டுகளுக்கும் மட்டும் துணி. அதைத் தைக்கத்தான் என்னைக் கொண்டுவந்திருந்தார். சட்டத்தின்மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, மெழுகு பூசிய நூலால் விலா விலாவாகத் தைக்க வேண்டும். பிறகு நகப்பூச்சு மணக்கிற ஒரு வார்னிஷ் பூசினால் துணி சுருங்கி இறுகிவிடும், தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும். பூச்சு கூடினால் சுக்கானின் எடை கூடும், எடை கூடினால் ஆகாயத்தில் அது உதறத் தொடங்கும், ஆகவே தேவைக்கு மேல் ஒரு பூச்சும் கூடாது என்று முதலாளி படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். விமானத்தின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு இடத்தைச் சுரண்டி எனக்குக் காட்டினார். மேலே வெள்ளி நிறம், அதற்குக் கீழே மஞ்சள். அதுதான் அதன் பிறந்த நிறமாம். உள்ளே பழகுகிறவன் இருக்கிறான், விலகிக்கொள் என்று எல்லோருக்கும் தூரத்திலேயே தெரிவதற்காகப் பயிற்சி விமானத்துக்கு மஞ்சள் அடிப்பார்களாம். எங்கள் ஊரில் பழகுகிற காருக்கு எல் போர்ட் கட்டுவதுபோல. உள்ளதை உள்ளபடி காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, பெரிய தகரத்தில் மஞ்சள் பெயின்ற் வாங்கி வைத்திருந்தார். எனக்கு அது பிடித்தது. அந்த மஞ்சளுக்காகவே என் தையல் திருந்தியது.

வசந்தத்தில் எல்லாம் மாறிப்போனது. கோடையில் நடக்கிற விமானக் காட்சிக்கு விமானங்கள் சேர்க்கிற ஒருவர் வந்து, மஞ்சள் பயிற்சி விமானத்தை யார் பார்ப்பார்கள், சண்டை விமானமாக வேஷம் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. திரும்பப் பூட்டிய இறக்கையில், துவக்குக் குழாய் மாதிரித் தெரிவதற்கு, தண்ணீர்ப் பைப்பைப் பொருத்தினார். புதிய பெயின்ற் தகரங்கள் வந்தன.

"மேல்பக்கத்துக்குப் பச்சையும் சாம்பலும்," என்று எனக்கு விளக்கினார். "மேலயிருந்து பாத்தா காட்டோட காடாப் போயிடும். வயித்துக்கு வெளிர் நீலம். கீழ நிண்டு பாத்தா வானத்தோட வானமாப் போயிடும்."

நான் குள்ளம். இறக்கைக்குக் கீழே லேசாக நுழைந்து இருக்கக்கூடியவள் அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான். அதனால் நீலத் தகரமும் தூரிகையும் என் கைக்கு வந்தன. தூரிகையைத் தோய்த்து, அண்ணாந்து, அந்த வயிற்றைப் பார்த்தேன். கீழே நின்று பார்ப்பவர் என்றால் யார்? இந்த நிறம் என் கண்ணுக்காகச் செய்த நிறம். நான் காணக்கூடாது, நான் ஓடக்கூடாது என்று யாரோ மேசையில் இருந்து யோசித்துக் கலந்திருக்கிறார்கள்.

தூரிகையைத் தகரத்தின் மேல் வைத்தேன். "இதை நான் பூசமாட்டன்."

"பெயின்ற் தானே," என்றார் அவர்.

"கீழ நிண்டது நான்."

"இஞ்ச இப்ப யுத்தம் இல்லை. இது காட்சிக்கு."

"அப்ப மஞ்சளைக் காட்டுங்கோ. அதுதானே உண்மை."

அவர் முகம் சிவந்தது. "இது என்ர பிளேன்," என்றார்.

"ஓம், உங்கட பிளேன். இது என்ர கை. சுக்கான் நான் தைச்சது, அதுக்கு மஞ்சள்தான் பூசுவன். வயித்துக்கு வேற ஆளைப் பாருங்கோ." உடைந்த டெனிஷில்தான் சொன்னேன். ஆனால் அவருக்கு நன்றாக விளங்கியது.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன். இவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "நீர் சும்மா இருக்கமாட்டீரே," என்றார். "அந்தாள் தன்ர பிளேனுக்கு என்னத்தையும் பூசட்டும். வேலை போனால் என்ன செய்யிறது?"

"பக்கத்து வளவு அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ, ஞாபகம் இருக்கே?" என்று கேட்டேன். "சத்தம் கேட்டு நிமிர்ந்து தேடினவ. எந்தப் பக்கத்தால வருது எண்டு அவவுக்குத் தெரிஞ்சதோ? உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"தெரியேல்ல," என்றார். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். அந்த அக்காவை நாங்கள்தான் சேலையால் மூடினோம்.

அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. பட்டப்பகலில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாங்கி வைத்த மஞ்சளையே எடுத்துச் சுக்கானுக்குப் பூசினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, பலகைமேல் மல்லாந்து படுத்து, தானே வயிற்றுக்கு நீலம் பூசினார். சுக்கானின் மஞ்சளைக் காட்சிக்கு முந்திப் பச்சையால் மூடிவிடலாம் என்று நினைத்திருப்பார். அந்த வாரம் முழுக்கக் கொட்டகைக்குள் கோப்பிகூட ஊற்றப்படவில்லை.

பிறகு, விமானங்களுக்குப் பறக்க அனுமதி தருகிற பரிசோதகர் வந்தார். சுக்கானைக் கழற்றி, எடை பார்த்து, சமநிலை பார்த்து, சரியாக இருக்கிறது, இனி இதன்மேல் ஒரு பூச்சும் கூடாது, பூசினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். காட்சி நெருங்கிவிட்டது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சுதான் செய்தனி," என்றார்.

"நீங்கள்தானே சொல்லித் தந்தது."

பைப்பை மரச்செருப்பில் தட்டினார். "தொழிற்சாலைக்கு ஆள் தேவையில்லை," என்றார். "உன்ர பழகல் முடிஞ்சுது."

சரி என்று சொல்லி, ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். வேலை போனது கவலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதன்பிறகு நெடுங்காலம் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் ஈரச் சப்பாத்தோடு வேலைக்கு நின்றேன், குளிரில் விரல் மடங்கவில்லை. இன்று கேட்டாலும் அந்த நீலத்தைப் பூசமாட்டேன்.

காட்சிக்குப் போக வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். "காசு குடுத்து, குண்டு போடுற பொம்மரைப் பாக்கிறதோ?" என்று புறுபுறுத்துக்கொண்டே இவர் வந்தார். புல்வெளி நிறைய வெள்ளைக்காரக் குடும்பங்கள், ஐஸ்கிறீமும் சொசேஜும் கையில். விமானங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. எங்கள் கொட்டகை விமானமும் ஓடி எழும்பி, தூரத்துக் காட்டுக்கு அப்பால் போய்விட்டது.

திரும்பித் தாழ வந்தபோது முதலில் சத்தம் மட்டும்தான் கேட்டது. அண்ணாந்து தேடினால் வெறும் வானம். நீலம் நன்றாகவே வேலை செய்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இவர் புல்லில் குப்புற விழுந்தார். சுற்றி நின்றவர்கள் சொசேஜைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் விழவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன். விமானம் சாய்ந்து திரும்பியது, அந்த வெறும் வானத்தில் என் சுக்கான் மட்டும் பளிச்சென்று வந்தது.

"எழும்புங்கோ," என்றேன். "வாலைப் பாருங்கோ."

இவர் மெல்ல எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டவும் மறந்து, கையை நெற்றியில் வைத்துத் தேடினார்.

"ஓம், தெரியுது," என்றார். "எங்க போகுதெண்டு நல்லாத் தெரியுது."