நான் காட்டிய சிரிப்பு

கண்ணுகளா, தொண்ணூறுகளில் சோமனூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். உங்கள் அம்மா இறந்த மறு வாரமே கடையைத் திறந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, கை மட்டும் வேலை செய்தது.

பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று விசைத்தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். கேமரா முன்னால் விறைத்து உட்கார்ந்திருந்தார். அதனால் எல்லாவற்றையும் நானே செய்து காட்டினேன். தோளைத் திருப்பினேன், திருப்பினார். தாடையை இறக்கினேன், இறக்கினார். பிறகு சிரித்துக் காட்டினேன். அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் போல ஆனது.

“சிரிங்க தம்பி! பொண்ணு பயந்துபோயிருமுங்க!” என்று கத்தினேன்.

“நீங்க காட்டுன மாதிரியேதானுங்கண்ணா வெச்சிருக்கறேன்.”

சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். நான் சிரித்திருக்கவே இல்லை.

“சம்சாரம் தவறிட்டாங்க” என்றேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னேன். அதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் கேமராவைக் கைகாட்டினார். “நீங்க கேமராவுக்குப் பொறத்தாலயே இருங்கண்ணா. நான் இந்தப் படத்தப் பாக்கப்போற அம்மணிய நெனச்சுச் சிரிச்சுக்கறேன்” என்றார். படம் நன்றாக வந்தது.

சாயங்காலம் வீட்டில் நீங்கள் இருவரும் சோற்றைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவை நினைத்துத்தான் இப்படி இருக்கிறீர்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் நடுவில் உட்கார்ந்து, அந்தத் தம்பிக்குச் செய்து காட்டியது போல, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். பிறகுதான் நீங்களும் தட்டில் கை வைத்தீர்கள்.