அக்கரைக்கு முதுகு காட்டியவள்

இரு நாடுகளுக்கு நடுவே ஓடும் எல்லை ஆற்றை அவள் இதற்கு முன் ஆறு முறை படகில் கடந்திருக்கிறாள். படகிலிருந்து அக்கரையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். நீராவிக்குள் நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் படுக்கைவிரிப்பைப் பிடித்து உதறி மடிக்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக அதுதான். நடையின் வேகத்தைப் பார்த்து அங்கே அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருட விடுப்பு வந்தால் யாத்திரைக்குக் கிளம்பிவிடுவாள், அந்த வழியிலும் அதே பெயர்தான். பக்தியெல்லாம் கிடையாது. "எட்டு மணி நேரம் ஒரே இடத்துல நிக்கிறவளுக்கு நடக்கிறதுதான் ரெஸ்ட்" என்பாள்.

இருபத்திரண்டு நாள் நடை அது. நேர்ந்துகொண்டு நடக்க முடியாத வசதிக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்து நடக்க விடுவார்கள். புண்ணியம் அவர்களுக்கு, கொப்புளம் இவளுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படகில் ஒரு வழக்கம் இருந்ததே, அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. நடு ஆற்றில் ஒரு நாணல் திட்டு உண்டு. அதைத் தாண்டும்போதுதான் அக்கரையும் மேலே புனித மலையும் முழுதாகக் கண்ணில் விழும். அந்த முதல் காட்சி நேர்ந்துகொண்டவருக்குச் சொந்தம். அதனால் கூலி ஆள் பின்பக்கம் திரும்பித்தான் உட்கார வேண்டும். பார்த்தால் திருட்டு. படகுக்காரர் 'பார்க்கவில்லை' என்று சொன்னால்தான் நடைப் புத்தகத்தில் முத்திரை விழும். திரும்பும்போது பாலம் வழியே பஸ், அங்கிருந்து எதுவும் தெரியாது.

இந்த முறை அவளை அனுப்பியவர் ஒரு மரக்கடைக்காரர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப் படுத்திருந்தவர். தினமும் சாயங்காலம் போன் செய்து எங்கே இருக்கிறாய், என்ன பார்த்தாய் என்று கேட்பார்.

"ஆத்துல இருந்து பார்த்தா அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கும்?"

"தெரியாதுங்கய்யா. நாங்க பார்க்கக் கூடாதே."

"நானும் பார்க்கப் போறதில்ல. அப்ப யாருதான்மா பார்க்கிறது?"

அந்தக் கேள்வி அதன்பிறகு அவளோடு கூடவே நடந்து வந்தது. இதுவரை ஆறு யாத்திரை, ஆறு முதல் காட்சிகள். பார்க்கக் கூடாதவள் பார்க்கவில்லை, பார்த்ததாகப் பெயர் பண்ணிக்கொண்டவர்களும் பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, படகுத்துறைக் கொட்டகையில் அவள் செருப்புவாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது மரக்கடைக்காரரின் மகன் போனில் கூப்பிட்டான்.

"அப்பா விடியக்காலம் போயிட்டாருக்கா. நீங்க திரும்பி வந்துடுங்க. இனி நடந்து என்ன ஆகப்போகுது."

போனை மடியில் வைத்துவிட்டுச் செருப்புவாரை மறுபடி இறுக்கினாள். பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். ஒரு கான்ட்ராக்டருக்காக நடக்கிறவர், நான்கு வருடமாக வழித்துணை.

"ஒன்பது மணிக்கு பஸ் இருக்கு" என்றார். "தேஞ்சுபோன முட்டியை வச்சுக்கிட்டு இன்னும் எதுக்கு? போய் நாலு நாள் படு."

"அடுத்த வருஷம் நடையே கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அதனாலதான்ணே போறேன்."

முதல் படகில் அவர்கள் இரண்டு பேர்தான். தபால்காரர் வழக்கம்போல அக்கரைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். அவள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

"எக்ஸ்பிரஸக்கா, திரும்பி உக்காருங்க" என்றார் படகுக்காரர்.

"எனக்கு முதலாளி இல்லப்பா. இன்னிக்குக் காலையில இருந்து."

அவர் யோசித்தார். இதற்கு வழக்கம் எதுவும் இல்லை. "அப்ப யாருக்காக வர்றீங்க?"

"வேடிக்கை பார்க்க."

"இருபது வருஷமா துடுப்புப் போடுறேன், அக்கரைக்குப் போறப்ப நானே பின்னாடி பார்த்துத்தான் உக்காந்திருக்கேன்."

"உங்களுக்கு எந்த முதலாளிங்க?"

தபால்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

படகு ஆற்றுப் பனிக்குள் நுழைந்தது. இந்த நாடு பின்னால் கரைந்தது, அந்த நாடு இன்னும் தொடங்கவில்லை. வெள்ளையாக எல்லாப் பக்கமும் விரிந்து கிடந்தது. யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நீ மடி என்று காத்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. கைகள் தாமாகவே லேசாக உயர்ந்தன. மரக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதுபோலவும் இருந்தது. இறந்தவர் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

நாணல்கள் படகை உரசிக்கொண்டு பின்னால் போயின. பனி கிழிந்தது.

"என்னம்மா தெரியுது?" தபால்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு மாடு."

"கிண்டல் பண்ணாத."

"சத்தியமாண்ணே. தண்ணிக்குள்ள நிக்குது. ஒரு பொம்பளை அதைத் திட்டிக்கிட்டு இருக்கா. வேலியில போர்வை காயுது, சரியாப் பிழியல."

"மலை?"

"மேகத்துக்குள்ள இருக்கு. கால் மட்டும் தெரியுது."

தபால்காரரின் தோள்கள் குலுங்கின. "இதுக்குத்தானா நாலு வருஷமா என்னைய முதுகைக் காட்டி உக்கார வச்சானுங்க?"

அவளுக்கு ஒரு கணம் கோபம் பொங்கியது. ஒரு மாட்டைப் பார்க்கக்கூட உரிமைச்சீட்டா? பிறகு கோபத்துக்கு நேரமில்லாமல் போனது. ஈரக் கரையில் வெயில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். பச்சைக் கதவு, ஓட்டில் புகை, பல் துலக்கும் ஆள், கவிழ்த்துப் போட்ட வாளி. யாருக்குச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

துடுப்புச் சத்தம் நின்றது. படகுக்காரர் பலகையில் காலைத் தூக்கிப் போட்டு அப்படியே முன்பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்களும் திரும்புங்க, சார்" என்றார் தபால்காரரிடம். "முத்திரைக்கு நான்தானே சாட்சி? நானே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

தபால்காரர் இரண்டு கைகளையும் ஊன்றி, மெல்ல, நீர் நிறைந்த பாத்திரத்தைத் திருப்பி வைப்பவர்போலத் தம்மைத் திருப்பி வைத்தார்.

மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்திருந்தார்கள். படகை ஓட்ட ஆளில்லை. ஆறு அதைத் தன் போக்கில் இறக்கிக்கொண்டு போயிற்று. பச்சைக் கதவு நழுவியது, போர்வை நழுவியது. கரையில் அந்தப் பெண் மாட்டை விட்டுவிட்டு இவர்களைத் திட்ட ஆரம்பித்தாள்.

"துறை இங்க இருக்கு. மூணு பேரும் அங்க எதைப் பார்த்துக்கிட்டு போறீங்க?"

"உங்களைத்தான்" என்றாள் எக்ஸ்பிரஸ்.