பிடில் செடிக்கு யார் எதிரி?

1. தரையில் கிடந்த இலை

அன்று திங்கட்கிழமை. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நடந்து வந்து ஆபீஸ் கதவைத் திறந்தால் மொசைக் தரையில் ஒரு இலை கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவில் வெந்தது போலக் கரும்பழுப்புத் திட்டு.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். இலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது மூணாவது இலை. மிஸ் தனலட்சுமி, யாரோ வேணும்னே பண்றாங்க. இல்லேன்னா நீங்க கவனிக்கல. ரெண்டுல ஒண்ணு."

எங்களுடையது கம்பி இழுக்கும் தொழிற்சாலை. வரவேற்பறையில் டைப் அடிப்பது, போன் எடுப்பது, வந்தவர்களை உட்கார வைப்பது என் வேலை. அதோடு முதலாளி அம்மாள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வைத்த இந்தச் செடியும் என் பொறுப்பு. ஆங்கிலத்தில் ஃபிடில் லீஃப் ஃபிக். இலை இடுப்பில் ஒடுங்கி பிடில் வாத்தியம் போல இருப்பதால் அந்தப் பெயர். கிள்ளினால் பால் வரும். அத்தி ஜாதி. அம்மாள் அதை ஒரு நீலப் பீங்கான் ஜாடியில் வைத்து, "குழந்தை மாதிரி பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் நைனா ஒருமுறை ஆபீசுக்கு வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "காயும் இல்ல, நெயலும் இல்ல, ஆடுகூட தின்னாது போலகீது. இதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்றார்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர். அப்போது புரொபேஷனில் இருந்தேன். ஆயுத பூஜைக்கு முதலாளி அம்மாள் வருவார், அதற்குப் பிறகுதான் என்னை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தெரியும் என மேனேஜர் சொல்லியிருந்தார். செடி பட்டுப்போனால் என் வேலையும் போகும். ஆயுத பூஜைக்கு அதிக நாள் இல்லை.

2. கூஜாக்காரர்

யார் செய்வார்கள் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஹெட் கிளார்க் வரதாச்சாரி சார் திருவள்ளூரிலிருந்து வருபவர். நெற்றியில் நாமம், கையில் வெள்ளிக் கூஜா. வெளித் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் தம்பி மகள் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் சேர்ந்த வாரமே, "அவளை இங்கே போடலாம்னு நெனச்சிண்டிருந்தேன். நீ வந்துட்டே" என்று சொன்னவர்.

பெருக்கித் துடைக்கும் முனியம்மா அக்கா என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினாள்.

"தனம்மா, சொல்றேன்னு நெனச்சுக்காத. சனிக்கிழம சாயங்காலம் நம்ம ஐயரு கூஜாவக் கையில வெச்சிக்கினு ஜாடியாண்ட நின்னுகினு இருந்தாரு. நான் போனதும் 'இன்னா முனியம்மா, வேலை ஆச்சா'ன்னு பேச்ச மாத்திட்டாரு."

"கூஜாவுல இன்னா இருந்துச்சு அக்கா?"

"மூடிக்கினு இருந்தாரே, எனக்கு இன்னா தெரியும்? இங்க இல்லாத ஆசிட்டா?"

அதுதான் என் மனதிலும் இருந்தது. கம்பியின் துருவை எடுக்க எங்கள் ஷெட்டில் தொட்டி தொட்டியாக ஆசிட் உண்டு. இலையில் இருந்த திட்டும் ஆசிட் பட்டுப் பொசுங்கிய துணி போலத்தான் இருந்தது. பள்ளியில் நான் ரசாயனத்தில் நல்ல மார்க் வாங்கியவள். எங்கள் தொழிற்சாலை லேபிலிருந்து நீல லிட்மஸ் தாள் கேட்டு வாங்கினேன். ஜாடியின் மேல்மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, தாளை விட்டேன். சிவப்பாகும், அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைக்கலாம் என்று காத்திருந்தேன்.

தாள் நீலமாகவே இருந்தது.

ஆசிட் இல்லை என்றால் நிம்மதிதானே வர வேண்டும்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் இது வேறு ஏதோ, தாளுக்கும் தெரியாத விஷம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் இன்னொரு இலை விழுந்தது.

3. ஸ்டேஷனரி அறையிலிருந்து

மறுநாள் மத்தியானம் கேன்டீனுக்குப் போகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஸ்டேஷனரி அறைக்குள் புகுந்துகொண்டேன். கதவை ஒருக்களித்து வைத்தால் ஜாடி நன்றாகத் தெரியும்.

முதலில் பெஞ்சில் பில்லுக்காகக் காத்திருந்த லாரி கான்ட்ராக்டர். முனியம்மா அக்கா கொடுத்த டம்ளர் தண்ணீரை அண்ணாந்து பாதி குடித்தார். மீதியைக் கொட்ட இடம் தேடினார். தரை பளபளவென்று இருக்கிறது. வாசல் வரை போகச் சோம்பல். நல்ல தண்ணீரை வீணாக்கவும் மனம் இல்லை. கையை நீட்டி ஜாடியில் ஊற்றினார். ஏதோ புண்ணியம் செய்தவர் போலத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து பழைய இரும்பு வாங்க வந்தவர். அவரும் அப்படியே. எங்கள் பெஞ்சில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்வார்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். ஆனாலும் நான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

கடைசியில் வரதாச்சாரி சார் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கூஜாவைத் திறந்தார். சாய்த்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், இன்னா ஊத்துறீங்க?"

கூஜா மூடி அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"தண்ணிதாம்மா! எங்காத்துக் கெணத்துத் தண்ணி. மிஞ்சினதைத் திரும்பச் சுமந்துண்டு போகணுமா? வேணா குடிச்சுப் பாரு."

"அப்ப எதுக்கு சார் ரெண்டு பக்கமும் பாக்குறீங்க?"

"நீ பார்த்தா கோச்சுப்பேன்னுதான். நீ தண்ணியே ஊத்தறதில்லை. தொட்டுப் பாரு, மேல் மண்ணு அப்பளமா காஞ்சு கெடக்கு. பாவம், வாயில்லா ஜீவன். மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன், இந்தப் பொண்ணுக்கு அக்கறை போறாதுன்னு."

நான் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு செம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் அவரைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என்னைவிட முந்திக்கொண்டு மேனேஜரிடமும் போய்விட்டார்.

"காயுதா, காயலையான்னு இப்பவே பாத்துடலாம் சார். அக்கா, இந்தப் பக்கம் பிடி."

முனியம்மா அக்காவும் நானும் தண்டைப் பிடித்து, செடியை மண்ணோடு ஜாடியிலிருந்து தூக்கினோம். அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நாற்றம் தாங்காமல் பெஞ்சில் இருந்தவர் எழுந்து வெளியே போனார்.

"இன்னாம்மே இது, கூவம் கணக்கா நாறுது!" என்று அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

ஜாடிக்குள் கைவிட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது. அடியில் ஓட்டையே இல்லை. மின்விசிறிக் காற்றில் மேல்மண் காய்ந்துகொண்டே இருந்தது; அதைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் ஊற்றினோம்; கீழே குளம் கட்டி வேர் அழுகிக்கொண்டிருந்தது.

"நானும் கொஞ்சம் அரிசி கழுவின தண்ணி ஊத்துனேம்மா, சத்துன்னு" என்றாள் அக்கா மெதுவாக. கூஜாவைப் பற்றி என்னிடம் சொன்னவள் இவள்தான்.

4. அறுவை

எனக்குப் பிறகு இந்த மேஜைக்கு வரப்போகிற பெண்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். அழுகிய வேர் கறுப்பாக, விரலில் பிசுபிசுவென்று கழன்று வரும். நல்ல வேர் வெளுத்து, கெட்டியாக இருக்கும். பிளேடால் கறுப்பையெல்லாம் அறுத்தேன். பால் கையில் பட்டால் அரிக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். பழைய மண்ணை எறிந்துவிட்டு, ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து, அடியில் கரித்துண்டு பரப்பி, பக்கத்து ஊர் புதுவாயலில் வாங்கிய ஓட்டையுள்ள மண் தொட்டியில் நட்டேன். நீல ஜாடிக்குள் செங்கல் துண்டுகள் போட்டு, தொட்டியின் அடி வடிந்த தண்ணீரைத் தொடாதபடி அதன் மேல் உட்காரவைத்தேன். அம்மாளின் ஜாடி கண்ணில் படாமல் போகக் கூடாதே. கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் மிச்சத் தண்ணீருக்கென்று ஒரு வாளி வைத்தேன்.

அப்புறமும் இரண்டு இலை விழுந்தது. மேனேஜர் செடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். வரதாச்சாரி சார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மேனேஜரிடம் சொன்னதை மாற்றிச் சொன்னாரா என்று கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

5. ஆயுத பூஜை

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் நின்ற நேரத்தில் முதலாளி அம்மாள் வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்தார். ஷெட் வெயிலில் சுற்றிய களைப்பு. முனியம்மா அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே செடியைப் பார்த்தார்.

"என்ன இது, பாதி இலையைக் காணோம்? யார் பாத்துக்கறது?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் பதில் சொல்வதற்குள் அம்மாள், "பாவம், வாடிப் போயிருக்கு" என்று சொல்லி, டம்ளரில் மீதி இருந்த தண்ணீரோடு செடிப்பக்கம் சாய்ந்தார்.

"அம்மா! ஊத்தாதீங்கோ!"

கத்தியது நான் இல்லை, வரதாச்சாரி சார். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அம்மாள் முன்னால் நீட்டினார். தன் ஆபீசிலேயே தனக்கு முன் வாளி நீட்டப்பட்டதை அம்மாள் கொஞ்ச நேரம் நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு அதில் ஊற்றினார்.

"ஏன்?" என்றார்.

சார் வாளியோடு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"எல்லாரும் இப்படித்தாம்மா ஊத்தினோம். நானும் ஊத்தினேன். தண்ணி வெளிய போக வழியில்ல. நீங்க குடுத்த ஜாடிக்கு அடியில ஓட்டையே இல்லம்மா."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தண்டின் நுனியில் பழுப்பு உறையைப் பிளந்துகொண்டு விரல் நீளத்தில் ஒரு புது இலை வந்திருந்தது. அதைத் தொடாமல் நிமிர்ந்தார்.

"என் வீட்டுலயும் இதே மாதிரி ஜாடியில ஒண்ணு பட்டுப்போச்சு" என்றார். "தோட்டக்காரனைத்தான் வேலையை விட்டு நிறுத்தினேன்."

அந்த மாதமே எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. நைனா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆடு தின்னாத செடி, ஆனா சோறு போடுது" என்றார்.

வரதாச்சாரி சார் என்னைப் பற்றி மேனேஜரிடம் சொன்னது செடி மேல் இருந்த இரக்கத்தாலா, தம்பி மகளுக்காகவா? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்காததால் அந்தச் சந்தேகமும் போகவில்லை. அவர் இப்போதும் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறார். கூஜாவில் மிஞ்சியதை வாளியில்தான் ஊற்றுகிறார்.

சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். எனக்கே அது முடியவில்லை. இலை விழுந்தால் இப்போதும் யார் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் ஆழமாக விட்டுப் பார்க்கிறேன்.