பீரிசில் ஒன்றுபோல் தெரிந்த பங்கசுகள்

ஒரு நல்ல மனிதரின் விதையைக் கெட்ட விதை என்று சொல்லி, அவர் கையாலேயே எரிக்கவைத்தேன். அதில் குற்றமில்லை என்று பிறகு அறிந்தும் வாய் திறக்கவில்லை.

அவரைக் கிண்ணியாவில் எல்லோரும் அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்றே அழைத்தார்கள், நானும் அப்படித்தான். நெல் அறுத்த வயலில் சோயா போடுவார். திறமான செடிகளின் விதையைத் தனியே எடுத்துவைத்து, கேட்டு வருகிறவர்களுக்கு அள்ளிக் கொடுப்பார். அதில்தான் அவருடைய பெருமை இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தால், நான் பங்கசு என்ற பூஞ்சணத்தை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைக் குனிந்து பார்த்து, "சேர், ஒங்கட பீரிசுல இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார். பிறகு இருவரும் வாசலில் இருந்து, அவர் கொண்டுவந்த அவித்த சோயாக் காய்களை உரித்துத் தின்போம்.

ஒரு போகத்தில் அயல் வயல்களில் சோயா வேரழுகிச் சாய்ந்தது. எல்லோரும் காக்காவிடம் விதை வாங்கியவர்கள். அழுகிய வேரிலிருந்து பியுசேரியம் என்ற பங்கசு வளர்ந்தது. காக்காவின் விதையிலிருந்தும் பியுசேரியம்தான் வளர்ந்தது. தட்டில் இரண்டும் ஒரே பஞ்சு, ஒரே இளஞ்சிவப்பு. ஆனால் பியுசேரியத்தில் இனங்கள் பல. சில வேரைக் கொன்றுவிடும். சில செடிக்குள் சும்மா குடியிருந்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றையும் நல்ல செடியின் மண்ணில் கலந்து, நோய் வருகிறதா என்று பார்த்தால்தான் எது எப்படி என்று தெரியும். சட்டிகளில் அதைத் தொடங்கியிருந்தேன். முடிவு வருமுன், வயல் செய்யும் கமக்காரர்களின் கூட்டம் வந்துவிட்டது. இன்னும் தெரியாது என்று சொல்ல என் படிப்பு விடவில்லை. விதையால் வந்தது என்றேன். காக்கா எழுந்து, "சேர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார். அன்றே விதை முழுவதையும் எரித்தார்.

சட்டிகளில் காக்காவின் விதைப் பங்கசைப் போட்ட செடிகள் பச்சையாக நின்றன. பிடுங்கிப் பார்த்தேன், வேர் வெள்ளையாக இருந்தது. அழுகிய வேரிலிருந்து எடுத்ததைப் போட்டவை செத்தன. அது வேறு இனம். தண்ணீர் தேங்கிய அந்த வயல்களின் மண்ணிலேயே இருந்தது.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. மிதவையில்தான் கடக்க வேண்டும். அதில் ஒருநாள் காக்காவைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர், "காக்கா, ஒங்கட மூட்டைய அங்கால வையுங்க. என்ட மிளகாய் விதைக்கும் வருத்தம் தொத்தீரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஓம் தம்பி, என்னோட கதைச்சா ஒனக்கும் வேரழுகும்" என்று காக்காவும் சிரித்து, மூட்டையைக் கால்களுக்கிடையில் இழுத்துக்கொண்டார். சட்டிகளின் முடிவு எனக்குத் தெரியும். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் அவர் சோயா போடவில்லை. யாரும் அவரிடம் எந்த விதையும் கேட்டுப் போகவில்லை.

ஓய்வுபெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, போன வருடம்தான் அதே கூட்டத்தில் அனுமதி கேட்டு எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த காக்கா நன்றாக முதிர்ந்திருந்தார்.

"அப்ப என்ட விதை நல்ல விதைதானா சேர்?"

"ஓம், காக்கா."

"இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னால இரிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல."

மறுபடியும், உரத்துச் சொன்னேன்.

நல்ல சோயா விதை ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தேன். பழையபடி அவர் கையாலேயே கொடுக்கச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு பிடி அள்ளி, முதலில் வந்தவரிடம் நீட்டினார். அந்த மனிதர் பையை விரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "சேர், இத நீங்க பார்த்திட்டீங்கதானே?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன். அதன்பிறகுதான் பை விரிந்தது. காக்கா அந்தப் பிடியை அதில் போட்டுவிட்டு, மூட்டையை என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"நீங்களே குடுங்க சேர். வெயில் ஏறுது, சனம் காத்து நிக்கிது."

நான் அள்ளிக் கொடுத்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.