வந்த கரண்டை அணைத்த அம்மா

"…அந்த முகம் என்னோடது இல்ல டிரைவர், விளக்கு வச்சவரோடது" என்று பின்சீட்டிலிருந்து அந்த அம்மா சொன்னபோது, வண்டி தாமுவே சந்தையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி, டிசம்பர் மாதம். ரங்கூனுக்கு வெளிநாட்டுப் பயணிகள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்த காலம். நான் பழைய டாக்சி ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளியில் பாதியில் நின்றுபோன ஆங்கிலம் கைவசம் இருந்ததால், வெள்ளைக்காரர்கள் வந்தால் ஓட்டலிலிருந்து எனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

எழுபதை நெருங்கியவர். கழுத்தில் பட்டுத் துண்டு, கறுப்புக் கண்ணாடி, அந்த வெயிலிலும் கலையாத உதட்டுச் சாயம். காலையில் ஏறியபோது யாரோ வசதியான வீட்டு வெள்ளைக்கார அம்மா என்றுதான் நினைத்தேன். பெரிய பகோடாவை ஏறி இறங்கி மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகுதான், ஒரு காலத்தில் லண்டன் சினிமாவில் கதாநாயகி என்று அவரே சொன்னார்.

வண்டியில் ஏறுகிறவர்களின் பேச்சை மனதில் சேர்த்து வைப்பது என் பழக்கம். அன்றைக்கு எனக்கு இடமே போதவில்லை.

கடலோர ஊர் ஒன்றில் மீன் பொரித்து விற்றவரின் மகளாம். பதினேழு வயதில் அழகுப் போட்டி மேடையில் மழையில் நனைந்துகொண்டு நின்றவரைப் பட முதலாளி ஒருவர் பார்த்துக் கூட்டிப் போயிருக்கிறார். "பேரை மாத்தினாங்க. முடியோட நிறத்தை மாத்தினாங்க. பல்லை ராவினாங்க. கடைசியில எங்கப்பாவையே மாத்திட்டாங்க. பத்திரிகைக்காரங்க கேட்டா, அப்பா கப்பல் கேப்டன்னு சொல்லணும். அவர் மேல அடிச்ச மீன் வாசனைக்கு அது பொருத்தம்தான்!" சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தியேட்டர் வாசல்களில் இரண்டு மாடி உயரத்துக்கு அந்த முகத்தை எழுதி வைத்தார்களாம். நம் ரங்கூனில்கூட அவருடைய படங்கள் ஓடியிருக்கின்றன. "பர்மாவுல நடக்கிற கதை ஒண்ணுல நடிச்சேன். பர்மாவை யாரு பார்த்தா? லண்டன்ல ஒரு கொட்டகைக்குள்ளேயே முடிச்சுட்டாங்க. பகோடா அட்டையில, மழை குழாயில. என் கண்ணீர் ஒண்ணுதான் நிசம், அதுவும் வெங்காயம். சாகறதுக்குள்ள நிசப் பகோடாவைப் பார்த்துடலாம்னு வந்தேன்."

ஏன் நடிப்பை விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். எல்லாப் படத்துக்கும் அவருக்கு விளக்கு வைத்தவர் ஒரே ஆளாம். எதிரே, கண்ணுக்குச் சற்று மேலே விளக்கை வைத்து, அதன் முன்னால் மெல்லிய பட்டுத் துணியைக் கட்டுவாராம். அவர் வேலையை விட்டுப் போனபின் புதிதாக வந்தவன், துணியும் இல்லாமல், தலைக்கு நேர் மேலே விளக்கைத் தொங்கவிட்டான். "படத்தைப் போட்டுப் பார்த்தேன். திரையில மீன்கடைக்காரர் மகள் நின்னுக்கிட்டிருந்தா. அப்புறம் யாரும் கூப்பிடல." அதற்கடுத்துத்தான் நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைச் சொன்னார்.

சாயங்காலம் அவரை ஓட்டலில் இறக்கிவிட்டு நான் ஓட வேண்டியிருந்தது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் மாதா கோயில் கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம். வசனம் எழுதி ஆட்களைப் பழக்கியவன் நான்தான். விஷயத்தைச் சொன்னதும், "நாடகமா? ஓட்டல்ல எனக்கு என்ன வேலை? திருப்பு வண்டியை" என்றார்.

மாதா வேடத்துக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த பெண் லைங் தாயாவில் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை செய்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேசச் சொன்னால் பர்மிய ராகம் வந்துவிடும். இவள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நல்ல கறுப்பு நிறம். சிறு வயதில் வந்த அம்மை கன்னம் முழுக்கக் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது.

நாங்கள் போனபோது திரைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சாம்பல் பூத்ததுபோல அப்பிய பவுடர். கோயில் செயலாளர் வீட்டம்மா அவள் காதுபடவே பேசிவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். "மாதாவுக்கு இந்த மூஞ்சிதான் கெடைச்சுதா? எங்க மகளுக்கு என்ன கொறச்சல்?"

"நான் மாட்டேண்ணே" என்றாள் அந்தப் பெண். "அத்தனை பேரும் என் கன்னத்தைத்தான் பாப்பாங்க."

எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை. அப்போது கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது தினப்படி சங்கதி, யாரும் பதறுவதில்லை. அவரவர் மெழுகுவத்தியைத் தேட ஆரம்பித்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "இப்ப ஒண்ணும் தெரியாதுல்லண்ணே? அப்ப நடிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு மெழுகுவத்தியை வாங்கி, அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து, சந்தையில் பப்பாளி பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"யார் இந்த மாவைப் பூசினது? கழுவச் சொல்லு. தேங்காய் எண்ணெய் இருக்கா?"

கழுவிய முகத்தில் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் எண்ணெயை விரல் நுனியால் ஒற்றினார். டீ போடுகிற இடத்தில் இருந்த பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காலி செய்து, படுக்க வைத்து, உள்ளே மெழுகுவத்திகளை நட்டார். தகரத்தின் பளபளப்பில் வெளிச்சம் பொங்கியது. அவள் மிரண்டு போய் என்னைப் பார்த்தாள்.

"அப்ப என்னையப் பாப்பாங்களாண்ணே?"

"பாப்பாங்க" என்றார் அம்மா, நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள். "எதைப் பாக்கணும்னு நாம சொல்லுவோம். அதைத்தான் பாப்பாங்க."

திரை விலகியது. தாழ்ந்த மேடை அது. மாதா வைக்கோலில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் அந்த அம்மா மண்டியிட்டார். என்னையும் இழுத்து உட்கார வைத்து டின்னைக் கையில் கொடுத்தார். கழுத்திலிருந்த பட்டுத் துண்டை அவிழ்த்து, டின்னுக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "இன்னும் மேல. ஆடாதே!"

அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பொன் எழும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். குழியையும் காணோம், தழும்பையும் காணோம். பெரிய கண்கள் இரண்டும் அவற்றுக்குள் ஒரு தாயின் பயமும் மட்டுமே இருந்தன. வருஷக்கணக்காகத் தெரிந்த பெண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். டின் சூடேறிக் கையைச் சுட்டது. விடத் தோன்றவில்லை.

"என் பிள்ளையைப் படுக்க வைக்க இந்த ஊர்ல ஒரு மூலை கூடவா…" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. கூரையிலிருந்த டியூப்லைட்டுகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். கிழிந்த திரை, எண்ணெய் வழியும் முகம், ஒவ்வொரு குழியும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவள் கை மெல்லக் கன்னத்துக்குப் போனது. வசனம் பாதியில் நின்றது.

அம்மா பட்டுத் துண்டை என் தோளில் போட்டார். அதே தோளை ஊன்றி எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய், வாசலோரம் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"ஐயையோ, வந்த கரண்டை யாராச்சும் அணைப்பாங்களா!" என்றார் செயலாளர் வீட்டம்மா.

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் லண்டனில் அன்று தலைக்கு மேல் அந்த விளக்கு எரிந்தபோது, இப்படி எழுந்து போய் அணைக்க ஒருவரும் இருக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. இன்றும் கரண்ட் வந்து எல்லோரும் கைதட்டும்போது, யார் முகத்தில் அந்த வெளிச்சம் விழுகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

இருட்டில் பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு அம்மா திரும்பி வந்தார். பழையபடி மண்டியிட்டு, என் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கு என்று அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார்.